ரெண்டு நூல் அக்கா

அக்காவின் கட்டைவிரல், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முழங்கை எலும்பைத் தேடிக்கொண்டிருக்கிறது. சட்டைக்கு மேலாகவே தடவிப்போய், அந்தச் சின்ன மேடு அகப்பட்டதும் அங்கேயே நின்றுவிடுகிறது. இன்னொரு கை, அளவெடுக்கிற மெல்லிய மரப்பட்டை ஒன்றைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடிக்கிறது. "கண்ண மூடிக்கோங்க. தோள விடுங்க. இன்னும் விடுங்க. யாரும் உங்கள அடிக்க வரல." உட்கார்ந்திருப்பவருக்குச் சிரிப்பு வரும்; தோள் ஒரு விரற்கடை இறங்கும். அந்த ஒரு விரற்கடைக்காகத்தான் அந்தக் கிண்டல். கொண்டையிலிருந்து பென்சில் இறங்குகிறது, பட்டையில் ஒரு கோடு விழுகிறது.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு அவரவர் உடம்புக்குத் தக்கபடி மேசை நாற்காலி அமைத்துக் கொடுப்பது அக்காவின் தொழில். மரப்பட்டறையில் அவளுக்கு 'ரெண்டு நூல்' என்று பெயர். ஓர் இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நூல். மேசை இரண்டு நூல் உயர்ந்துவிட்டது என்று சொல்லி, பாலிஷ் போட்ட பிறகும் நான்கு கால்களையும் கழற்றி அறுக்க வைத்தாள் ஒருமுறை. அன்று ஆசாரி பல்லைக் கடித்துக்கொண்டு வைத்த பெயர் அது.

அவளுக்கு இது முதுகு சொல்லிக்கொடுத்த தொழில். தையல் ஆலையில் பன்னிரண்டு வருஷம், ஒன்றரை இஞ்ச் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து காலர் தைத்தாள். "டாக்டர் முதுகுக்கு மாத்திரை குடுத்தாரு. நான் ஸ்டூலுக்கு ஒரு பலகை குடுத்தேன். எது கேட்டுச்சுன்னு நான் வேற சொல்லணுமா?" பிறகு பக்கத்து ஸ்டூல், அதற்குப் பக்கத்து ஸ்டூல் என்று வரிசை முழுக்கப் பலகை ஏறியது. ஆலையை விட்டு வரும்போது அவளிடம் இருந்தது ஒரு பென்சிலும், ஆள் உட்காரும் வாகைப் பார்த்தே எங்கே வலிக்கும் என்று சொல்லிவிடுகிற கண்ணும்தான்.

யாரிடமும் உயரம் கேட்க மாட்டாள். "கேட்டா எல்லாரும் ஒரு இஞ்ச் கூட்டித்தான் சொல்லுவாங்க. முட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது." உட்காரும் பலகை, கை வைக்கும் இடம், மேசை, திரை, ஜன்னல் என்று வரிசை தவறாமல் ஐந்து அளவு. திரையின் மேல்விளிம்பு புருவத்துக்கு நேராக வரவேண்டும். ஜன்னல் எப்போதும் பக்கவாட்டில்தான். எல்லாம் முடிந்ததும் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து ஒரு கோப்பை டீ குடிப்பாள். வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். டீ தீர்கிறவரை முதுகு ஒன்றும் சொல்லவில்லையென்றால், ஐந்து அளவும் எழுதிய அட்டையை உட்காரப் போகிறவர் கையிலேயே கொடுப்பாள். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள். அட்டை கைமாறினால்தான் வேலை முடிந்தது.

அப்படிக் கைமாறாமல் அவளுடைய பைக்குள் ஒன்பது நாள் கிடந்த அட்டை ஒன்று உண்டு.

மூன்றாம் மாடி வீடு. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்கிற பெண். நல்ல நெட்டை. அவளுடைய அலுவலகத்தை மூடிவிட்டு, இனி எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டார்கள். இன்ன திங்கட்கிழமை முதல் ஒரு நாளைக்கு இத்தனை வரி. குறைந்தால் வேறு ஆள். அந்தச் சம்பளத்தில்தான் அவளும் மாமியாரும் சாப்பிட்டார்கள். வீட்டில் ஒரு கூடம், மாமியாரின் அறை, இன்னோர் அறை. அந்த இன்னோர் அறை எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அவள் கணவர் பதினோரு வருஷம் உட்கார்ந்து கட்டட வரைபடம் வரைந்த அறை. ஒரு மதியம் அந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டார்.

அக்கா பட்டையும் பென்சிலுமாய் உள்ளே போனபோது மாமியார் அறை வாசலில் மருமகளை மறித்துக்கொண்டு நின்றார்.

"இந்த வீட்டுல வேற எடமே இல்லியா உனக்கு?"

"இருந்தா காட்டுங்க அத்தை. அடுப்பு மேல ஏறி உக்காந்து டைப் அடிக்கட்டுமா?"

அக்கா காதில் விழாதவள்போல அளந்தாள். கண்ணை மூடச் சொன்னதும் அந்தப் பெண்ணின் தோள் இறங்கியது. கூடவே உடம்பும் இடது பக்கம் மூன்று விரல் நகர்ந்தது. பேருந்தில் பக்கத்தில் ஆள் வந்தால் நாம் நகர்வோமே, அப்படி. "நடுவுல உக்காருங்கம்மா," என்றாள் அக்கா. "நடுவுலதான அக்கா உக்காந்திருக்கேன்?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

உட்காரும் உயரம் பதினேழரை இஞ்ச். அக்கா நாற்காலியை அந்த அளவுக்கு வைத்து, உட்கார்ந்து டீ குடித்து, எழுந்து, பையிலிருந்து அட்டையை எடுத்தாள். அந்தப் பெண் உட்காரப் போனவள், "ரொம்ப ஒசரமா இருக்கே!" என்றாள். நாற்காலி அதன் உச்சத்தில் நின்றது. எழும்போது உயரம் மாற்றுகிற லீவரில் தன் கை பட்டிருக்கும் என்று அக்கா நினைத்தாள். அட்டையைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

மறுநாளும் அதே கதைதான் என்று போன் வந்தது. லீவரை மாற்றினாள். அதற்கடுத்த நாளும் வந்தது. நாற்காலியின் நடுத்தண்டுக்குள் இருக்கும் கேஸ் குழாயைக் கழற்றிப் புதியது போட்டாள். பலனில்லை. கடைசியில் பட்டறையிலிருந்து முற்றிலும் வேறொரு நாற்காலியையே ஏற்றிக்கொண்டு போனாள். வண்டி ஓட்டும் அக்காவின் வீட்டுக்காரனுக்கு இது நல்ல தீனியாகிவிட்டது. "உன்னப் பாத்தா மரியாதை குடுத்து எந்திரிச்சு நிக்குது போல. வீட்டுல ஒருத்தன் கூட அப்படி நின்னதில்ல, பாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பழுதான நாற்காலி இறங்கும். கேஸ் கசிந்தால் ஆளை வைத்துக்கொண்டே மெல்ல அமுங்கும். அவள் கைபட்ட நாற்காலிகளில் தானாக ஏறியது என்று ஒன்றுகூடக் கிடையாது.

சமையலறையில் அந்தப் பெண் அக்காவின் காதருகே வந்தாள். "அத்தைதான் பண்றாங்க அக்கா. நான் குளிக்கப் போற நேரம் பாத்து உள்ள போயி ஏத்தி விட்டுடுறாங்க. நான் அந்த ரூமை விட்டு ஓடணும், அதான்." அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மாமியார் இந்தப் பக்கம் வந்தார். "அவதாம்மா பண்றா. எனக்கு மூளை கலங்கிப்போச்சுன்னு சொல்லி மக வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பப் பாக்குறா." இரண்டு பேருக்கும் ஒரே கிசுகிசுப்பு, ஒரே சத்தியம். வேலை தொடங்க மூன்று நாள்தான் இருந்தது. நாற்காலி நிற்காவிட்டால் அந்தப் பெண் அந்த அறையில் உட்காரமாட்டாள். அறையில் உட்காராவிட்டால் வேலை இல்லை. வேலை இருந்தாலும், இனி இந்த இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழ் இருப்பார்களா என்பது அக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. நல்ல வெயில். புதிய நாற்காலியைப் பதினேழரையில் வைத்துவிட்டு, அறைக் கதவை விரியத் திறந்து போட்டு, இருவரையும் கூடத்தில் தனக்கு இரண்டு பக்கமும் உட்கார வைத்தாள் அக்கா. "இன்னைக்கு டீ இங்கதான். யாரும் எந்திரிக்கக் கூடாது."

பாதி டீ இருக்கும்போது உள்ளே 'உஸ்' என்றது. எல்லா நாற்காலியும் போடுகிற சத்தம்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை அக்கா கேட்பது. மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லீவர் யாரோ மேலே தூக்கியது போல் நிமிர்ந்து நின்றது. வெறும் நாற்காலி மெதுவாக ஏறி, உச்சத்தில் போய் நின்றது. ஒரு கணம் கழித்து மறுபடி லீவர் அசைந்தது. மறுபடி. அதற்குமேல் ஏற நாற்காலிக்கு இடமில்லை.

"அப்ப நீங்க இல்லியா அத்தை?"

"நீ இல்லியாடி?"

மாமியாரின் கை மருமகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அக்கா கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். கை தொழிலைத்தான் செய்தது. நாற்காலியில் உட்கார்ந்து லீவரைத் தூக்கினாள், இறங்கியது. எழுந்து நின்று ஒரு விரலால் தூக்கினாள், ஏறியது. இன்னொரு தடவையும் செய்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"உங்க வீட்டுக்காரரு உங்களவிடக் கட்டையா?"

மாமியார்தான் பதில் சொன்னார். "அந்தக் கல்யாண போட்டோவப் பாரு. என் மகன் ஒரு படி மேல நிக்கிறான். அப்படி நின்னாத்தான் இவ தோளுக்கு வந்தான்."

"நான் எப்பவாவது அவரு நாற்காலில உக்காந்து ஏத்தி வெச்சிடுவேன்," என்றாள் மருமகள். குரல் எங்கிருந்தோ வந்தது. "காலைல வந்ததும் மொத வேலையா லீவரைத் தூக்கி எறக்குவாரு. 'என் காலு என்ன ஊஞ்சலா, தொங்கவிட்டு ஆட்டுறதுக்கு'ன்னு கத்துவாரு."

அக்கா உச்சத்தில் நின்ற நாற்காலியைக் காட்டினாள். பிறகு நாற்காலி பழுதைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "யாரும் உங்கள விரட்டல. ஏத்தணும்னு ஏத்தல. எறக்கத்தான் பாக்குறாரு. எறங்கணும்னா மேல எடை வேணும்மா."

அன்றைக்கு எடுத்த விதத்தில் அக்கா வேறெங்கும் அளவு எடுத்ததில்லை. முதலில் மருமகளைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "கண்ண மூடிக்கோங்க. தோள விடுங்க. அவரு பக்கத்துல உக்காந்திருக்காரு. முட்டி எங்க இருக்கும்? யோசிக்காம கைய வைங்க." கை காற்றில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. பட்டையில் ஒரு கோடு. அதை மறைத்துவிட்டு மாமியாரை அழைத்தாள். "உங்க மகன் உக்காந்திருக்கப்போ முட்டிய தட்டிப் பேசுவீங்கல்ல? தட்டுங்க." அந்தக் கையும் இறங்கி நின்றது. இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே விழுந்தது. ஒரு நூல் வித்தியாசம் இல்லை. தொடையின் கனத்தைக் கழித்துவிட்டு எழுதினாள்: பதினைந்தே முக்கால்.

சனிக்கிழமை முழுவதும் பட்டறையில் அவளே இழைத்தாள். ஆசாரியைத் தொட விடவில்லை. லீவரும் சக்கரமும் இல்லாத, ஏற்ற இறக்கமே இல்லாத ஓர் ஆசனம். மேசையின் ஜன்னல் பக்கம் பொருத்த அதே அளவுக்குத் தாழ்வான ஒரு சின்னப் பலகை.

"யாருக்கு இது? அந்த வீட்டுல சின்னப் புள்ளைங்ககூட இல்லியே?" என்று வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டான் அவள் வீட்டுக்காரன்.

"அளவு இருக்கு, செய்யிறேன். ஆளு யாருன்னு ஒனக்கெதுக்கு? ரோட்டப் பாத்து ஓட்டு."

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் அதைப் பொருத்திவிட்டு, நாற்காலியை மறுபடி பதினேழரையில் வைத்தாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் பட்டையை நிறுத்திப் பார்த்தாள். பதினேழரை. பாதிப் பகல், ஓர் இரவு, அசையவில்லை. அதில் உட்கார்ந்து டீயை மெதுவாகக் குடித்தாள். முதுகு ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, முதல் அட்டையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். அவள் உட்கார்ந்தாள், நட்டநடுவில். காதில் கருவியை மாட்டிக்கொண்டாள். விரல்கள் ஓடத் தொடங்கின.

"இதுல உக்காந்து பாக்கலியா?" என்று மாமியார் கட்டை ஆசனத்தைக் காட்டிக் கேட்டார்.

அதன் பலகையில் பிசிறு இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்த அக்கா, யார் மடியிலோ கை பட்டதுபோலச் சட்டென்று உள்ளங்கையை எடுத்துக்கொண்டாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். பையிலிருந்து இரண்டாவது அட்டையை எடுத்தாள். மாமியார் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. ஆசனத்தின் எதிரே மண்டியிட்டு, கட்டையான ஓர் ஆள் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எங்கே எட்டுமோ அந்த உயரத்தில் அட்டையை நீட்டிப் பிடித்தாள். தோள் தானாக இறங்குகிறவரை காத்திருப்பாளே, அதே பொறுமையோடு காத்திருந்தாள். பிறகு விரல்களைத் திறந்தாள்.