இமாமின் கையில் வெள்ளைத் தங்கம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் குளியலறைச் சாமான் விற்கும் பளீல் நாநாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். லேசில் அவருக்குக் கோபம் வராது. வந்தால் போகாது. வாங்கிய பைப்பைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் எறிகிறவனுக்குக்கூடச் சிரித்த முகத்தோடு வேறொன்று எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஷப்ராஸ் என்ற பெயரை யாராவது எடுத்துவிட்டால் போதும், கையிலிருக்கும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

கைக்கடிகாரம் என்றால் மனிதருக்குப் பைத்தியம். சின்ன வயதிலிருந்து பிடித்த பைத்தியம் வயது போகப் போக முற்றியது. வாப்பா விட்டுப்போன கராம்புத் தோட்டத்தை விற்று, ஒர்வான் என்ற சுவிஸ் கம்பனியின் டூர்பியோன் கடிகாரம் ஒன்றை வாங்கியபோது குடும்பமே வாயடைத்துப் போனது. டூர்பியோன் என்பது வேறொன்றுமில்லை. கடிகாரத்தின் இதயம் போன்ற சக்கரத்தை ஒரு சின்னக் கூண்டுக்குள் வைத்து, அந்தக் கூண்டையே நிமிடத்துக்கு ஒரு தரம் சுற்றவிடுவது. கை எப்படித் திரும்பினாலும் நேரம் பிசகக் கூடாது என்பதற்காகச் செய்த வேலை. முகப்பில் ஒரு துவாரம் வழியே அந்தக் கூண்டு சுழல்வது தெரியும். பளீல் நாநா கடையில் ஆளில்லாத நேரமெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"கராம்புத் தோட்டத்தையே கையில கட்டிக்கொண்டு திரியிற மனிசன்" என்பாள் மனைவி ஜெஸீமா. அதைக் கேட்டு அவர் சிரிப்பார். அந்தக் கேலியில் விஷமில்லை.

விஷம் வேறிடத்திலிருந்து வந்தது. ஹந்தானைக்கு ஏறும் வீதியில் பல் வைத்தியர் அமானுல்லாவின் வீடு இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேர அஸர் தொழுதுவிட்டுக் கடிகாரப் பிரியர்கள் அதன் மண்டபத்தில் கூடுவார்கள். மேசையில் பச்சைத் துணி விரிக்கப்படும். அவரவர் கடிகாரத்தைக் கழற்றி அதில் வைப்பார்கள். உரிமையாளர் தானாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாலொழிய மற்றவன் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. பெட்டிஸும் பிளேன்டீயும் ஓடும். பொழுது சாய்ந்து மஃரிப் நேரமானதும் அதே மண்டபத்தில் ஜமாஅத்தாக வரிசையில் நின்று தொழுதுவிட்டுக் கலைவார்கள். தொழாதவர் ஒருவர்தான். கண்டி டவுனில் மருந்துக்கடை வைத்திருக்கும் சதீஸ்குமார். அவர் அந்த நேரத்தில் ஓரக் கதிரையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார்.

ஒர்வான் கம்பனி அந்த ஒரே கடிகாரத்தை மூன்று விதமாக வெளியிட்டிருந்தது. முதலில் உருக்கு, பிறகு பிளாட்டினம், கடைசியில் வெள்ளைத் தங்கம். உள்ளே ஓடும் இயந்திரம் மூன்றிலும் ஒன்றுதான். மேலோட்டை வைத்து மணிக்கணக்காகச் சண்டை பிடிப்பதுதான் இந்தக் கூட்டத்தின் தொழிலே. ஆனால் வெள்ளைத் தங்கப் பேச்சு மட்டும் அங்கே எடுபடாது. முஸ்லிம் ஆண் தங்கம் அணியக் கூடாது. நிறம் வெள்ளையென்றாலும் தங்கம் தங்கம்தான்.

பளீல் நாநா தன் உருக்குக் கடிகாரத்தை முதன்முதலாக அந்தப் பச்சைத் துணியில் வைத்த அன்று, ஷப்ராஸ் அதை வாங்கிக் காதில் வைத்தார், கண்ணருகே பிடித்தார், புரட்டினார். ஷப்ராஸ் டவுனில் பெரிய புடைவைக் கடைக்காரர். குரல் இனிமை. ஓதினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அதனால் அங்கே எப்போதும் முன்னால் நின்று தொழுகை நடத்தும் இமாம் அவர்தான்.

"இது அசலில்ல, கொப்பி" என்றார். "நல்ல கொப்பிதான். ஆனா கொப்பி."

மற்றவர்கள் சிரித்தார்கள். அமானுல்லா டொக்டரும் சிரித்தார். பளீல் நாநா வாங்கிய இடத்தைச் சொன்னார், யார் மூலம் வந்தது என்று சொன்னார். சொல்லச் சொல்ல சிரிப்புத்தான் கூடியது.

கதை மலையிறங்கி அவருக்கு முன்னமே கட்டுகஸ்தோட்டைக்குப் போய்விட்டது. "நாநா, இந்த தண்ணி டெப் ஒரிஜினலா, ஒங்கட மணிக்கூடு மாதிரியா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டுவிட்டுக் கண்ணடித்தார்கள். மகள் நுஹாவின் கலியாண வீட்டில் சம்பந்தியே அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் விட்டார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் நெஞ்சில் ஏறித் தைத்தது. ஊரில் நாணயமாகப் பெயரெடுத்த மனிதர் கள்ளச் சாமான்காரன் ஆகிவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசை. அதே மண்டபத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், "பளீலின் கடிகாரம் அசல்" என்று ஷப்ராஸ் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஷப்ராஸின் மானம் கப்பலேற வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் தான் கண்மூடி மௌத்தாகக் கூடாது என்று கறுவிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு மாதமும் தவறாமல் கூட்டத்துக்குப் போனார்.

இப்படியிருக்க, ஷப்ராஸ் ஒர்வான் பிளாட்டினம் வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. வெளிநாட்டில் யாரோ ஒருவரிடம் வாங்கினாராம். ஊர்வலம் போகாத குறைதான். கூட்டத்தில் எல்லார் உள்ளங்கையிலும் வைத்தார், பளீல் நாநாவின் கையைத் தவிர.

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை, டவுன் பள்ளிவாசலில் ஜும்மாவுக்குச் சனம் முட்டி வழிந்தது. தொழுமுன் கைகால் கழுவி ஒளு எடுக்கும் குழாயடியில் ஷப்ராஸுக்கு அடுத்த ஆளாகப் பளீல் நாநா வந்து நின்றார். தோல் பட்டி நனையாமலிருக்கக் கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்திலிருப்பவன் கையில் கொடுப்பது அங்கே வழக்கம். பக்கத்தில் நிற்பவன் யாரென்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. ஷப்ராஸ் முகத்தைக் கூடத் திருப்பாமல் கழற்றிக் கொடுத்தார்.

பளீல் நாநாவின் கையில் அது லேசாக இருந்தது. கொழும்பு ஷிஹான் என்ற சேகரிப்பாளரின் அசல் பிளாட்டினத்தை அவர் ஒருமுறை ஏந்திப் பார்த்திருக்கிறார். அது கையைக் கீழே இழுக்கும் கனம். இது அப்படியில்லை. பட்டியை மெல்ல வளைத்தார். பட்டி மறைத்திருந்த இடத்தில் மிகச் சிறிதாக 750 என்று பொறித்திருந்தது. பிளாட்டினத்தில் 950 என்றிருக்கும். 750 என்றால் பதினெட்டுக் கரட் தங்கம். விற்றவன் ஏமாற்றியிருக்கிறான். ஷப்ராஸ் பட்டியைக் கழற்றிப் பார்க்கவே இல்லை.

பளீல் நாநாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கால் கழுவி நிமிர்ந்த ஷப்ராஸிடம் கடிகாரத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அன்று ஷப்ராஸ் முன்னால் போய் நின்று தொழுகை தொடங்கத் தக்பீர் கட்டக் கையை உயர்த்தியபோது, சேட்டுக் கை விலகி அந்த வெள்ளைத் தங்கம் மின்னியது. 'இன்னும் கொஞ்சம் தொழட்டும்' என்று நினைத்தார். எவ்வளவு கூடத் தொழுகிறானோ அவ்வளவு கூட வெட்கப்படுவான். தொழுகிறவனின் பார்வை நெற்றி வைத்து ஸஜ்தா செய்யும் இடத்தில் இருக்க வேண்டும். பளீல் நாநாவின் பார்வையோ இமாமின் மணிக்கட்டில் இருந்தது. நோன்பு வந்தது, இரவுத் தராவீஹ் தொழுகை வந்தது, பெருநாள் வந்தது. ஷப்ராஸ் எங்கெல்லாம் இமாமாக நின்றாரோ அங்கெல்லாம் தேடிப் போய்ப் பின்னால் நின்றார். ஜெஸீமாவிடம்கூட மூச்சு விடவில்லை. இப்படி இனிப்பாக ஒரு நோன்பு அவர் வாழ்நாளில் கழிந்ததில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு, கொழும்பு ஷிஹானைப் பேசிச் சரிக்கட்டி, பிளாட்டினத்தோடு கண்டிக்கு வரவழைத்தார். மூன்று ஒர்வானும் முதன்முறையாக ஒரே துணியில் வரிசையாக இருந்தன. எல்லாரும் குனிந்து ஒப்பிட்டார்கள். மூன்று கூண்டும் ஒரே தாளத்தில் சுழன்றன. பளீல் நாநா நேரத்தை இழுத்துக்கொண்டே போனார். பாங்கு சொல்லி, அவரவர் கடிகாரத்தைத் திரும்பக் கட்டி, விரிப்புப் போட்டு, இரத்தினக்கல் வியாபாரி நுஸ்கி "ஷப்ராஸ் நாநா, முன்னுக்குப் போங்க" என்று சொன்ன பிறகுதான் பேசினார்.

"கொஞ்சம் பொறுங்க. அவரால இமாமா நிக்க ஏலா. அவர்ட கையில ஈக்கிறது தங்கம்."

ஷப்ராஸ் கோபமாகச் சிரித்தார். "ஒங்களுக்குப் பொறாமை முத்திப் போச்சு."

"அப்ப பட்டியக் கழட்டிப் பாருங்களே."

கழற்றியது ஷிஹான்தான். பார்த்தார். தன்னுடையதையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றில் 750, மற்றதில் 950. ஷப்ராஸின் முகத்தில் இரத்தம் வற்றிப்போனது. தங்கம் பட்ட மணிக்கட்டை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே நின்றார். பளீல் நாநா அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தார். இரண்டு வருட எரிச்சல் அப்படியே அணைந்தது.

"ஒங்களுக்கு இது எப்ப தெரியும்?" என்று ஷப்ராஸ் மெல்லக் கேட்டார்.

வெற்றி வெறியில் பளீல் நாநா யோசிக்கவே இல்லை. "நோன்புக்கு முந்தியே தெரியும்! ஒளு எடுக்கக்குள்ள நீங்கதானே என்ட கையில தந்த!"

சொன்ன பிறகுதான் மண்டபத்தில் ஏதோ மாறிவிட்டதை உணர்ந்தார். ஷப்ராஸைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களெல்லாம் இப்போது அவரைப் பார்த்தன.

"நோன்பு முழுக்கத் தெரிஞ்சிக்கொண்டா இவருக்குப் பின்னால நின்ட நீங்க?" என்றார் அமானுல்லா டொக்டர். "எங்களையும் நிக்க வெச்ச?"

பளீல் நாநா தன் கடிகாரத்தைச் சேட்டுக் கைக்குள் இழுத்து மறைத்தார்.

ஓரக் கதிரையிலிருந்து சதீஸ்குமார் எழுந்தார். "நான் ஒங்க தொழுகையில பேசக் கூடாதுதான் நாநா. ஆனா எங்க வீட்டுல விரதம் இருக்கிறவன் தெரியாம கறியில கை வச்சா, அவன் எதிரியா இருந்தாலும் கையப் புடிச்சிருவோம். தின்னு முடிக்கட்டும்னு பார்த்துக்கிட்டு இருக்க மாட்டோம்."

ஷப்ராஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லாரையும் பார்த்து, "எனக்கு மாப்புச் செய்யுங்க. தெரியாம நடந்தது" என்றார். பளீல் நாநாவின் பக்கம் திரும்பினார். "ஒங்கட மணிக்கூடு அசல்தான். அன்டைக்கே எனக்குத் தெரியும். என்னட்ட இல்லாத சாமான் ஒங்கட்ட ஈக்குதேன்ட எரிச்சல்ல சொன்ன. அதுக்கும் மாப்புச் செய்யுங்க."

இரண்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை. அதே மண்டபம், அதே ஆட்கள். ஆனால் அதை யாரும் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அசலோ கொப்பியோ, யாருக்கு வேண்டும் இப்போது? டொக்டர் ஒளுவைப் புதுப்பித்துக்கொண்டு வந்து தானே முன்னால் நின்றார். மற்றவர்கள் பின்னால் வரிசையாக நின்றார்கள். எப்போதும் பளீல் நாநாவின் தோளோடு தோள் நிற்கும் நுஸ்கி, அன்று வரிசையின் மறு ஓரத்துக்குப் போய்விட்டான். அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இன்னோர் ஆள் நிற்குமளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"இடைவெளி வெக்க வேணாம்" என்று டொக்டர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். யாரும் அசையவில்லை. பளீல் நாநாவாலும் அசைய முடியவில்லை.

அப்போது ஷப்ராஸ் தன் இடத்திலிருந்து நகர்ந்து வந்து, பளீல் நாநாவின் தோளோடு தன் தோளைச் சேர்த்து நின்றார். எல்லாவற்றையும் பொறுத்த பளீல் நாநாவால் அதை மட்டும் பொறுக்க முடியவில்லை. விலகி ஓட வேண்டும்போல் இருந்தது. அதற்குள் தக்பீர் சொல்லிவிட்டார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். டொக்டர் ஓதியதில் ஒரு சொல்லும் அவர் காதில் விழவில்லை.