வாளிக்காரி

இது நடந்தது. நாள், 1991 மார்ச் 6, புதன்கிழமை. நேரம், பகல் பன்னிரண்டு முப்பத்தைந்து. இருட்டு இல்லை, மழை இல்லை, நாய் ஊளையிடவும் இல்லை. அதெல்லாம் இருந்தால்தான் பேய் வரும் என்று நம்புகிறவர்களை ஹாஜராவுக்கு எப்போதும் பிடிக்காது. போர் முடிந்த பிறகுதான் அவள் இதைச் சொன்னாள். முன்பே சொல்லியிருந்தால் இந்தச் சனம் அதை வைத்து என்ன செய்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஹாஜரா கற்பிட்டிப் பக்கத்தில் அரசாங்க மருத்துவமாது. சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பாள். ஊர்க்கதையை நம்பும் ஆட்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். அந்த இளக்காரத்துக்கு அந்த வருடம் நல்ல தீனி கிடைத்தது. வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் வந்து கடலோரத்தில் தென்னங்கிடுகுக் கொட்டில் போட்டிருந்தார்கள். முகாம் கிணற்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் வெங்காயத் தோட்டக்காரர்களிடம்தான் இருந்தது. முதல் மாதம் ஊரே சோறு ஆக்கிக் கொடுத்தது. அடுத்த மாதம் ஒரு கதை கிளம்பியது.

நடுப்பகலில் ஒருத்தி வாளியோடு வேலிப் படலைக்கு வருவாளாம். தண்ணீர் கேட்பாளாம். கொடுத்தால் ஒரு கிழமைக்குள் அந்த வீட்டில் ஒரு பிள்ளை மவுத்தாகுமாம்.

கதை வண்ணாத்திவில்லு வரை போய்விட்டது. இங்கே படலைகளுக்குச் சங்கிலி விழுந்தது. உயிருள்ள பெண்கள் வெயிலில் வெறும் வாளியோடு நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

ஹாஜரா விசாரித்தாள். கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. மச்சியின் மகள் கண்டாள், மச்சானோடு மீன்வாடியில் வேலை செய்பவன் கண்டான் என்றார்கள். செத்த பிள்ளையின் பெயரைக் கேட்டால் அதுவும் இல்லை. அவள் விடவில்லை. யார் சொன்னது, உனக்கு யார் சொன்னது என்று கேட்டுக் கேட்டுப் போனாள். ஏழாவது வீட்டில் கதை நின்றது. மூன்று ஏக்கர் வெங்காயமும் வற்றாத கிணறும் உள்ள றஹ்மத் உம்மாவின் வீடு.

றஹ்மத் உம்மா மறுக்கவில்லை. சும்மா சொன்னதுதான் என்றாள், பாக்கு வெட்டிக்கொண்டே.

"எத்தின பேருக்கெண்டு இல்லண்டு சொல்லுற, மிஸ்ஸி? இப்ப ஒருத்தரும் வாறல்ல."

ஹாஜராவுக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. இந்தச் சனத்துக்குப் பேயிடம் ஒரு பயமும் இல்லை. படலையைப் பூட்ட ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கதை குதிரை வேகத்தில் ஓடியதற்கு வேறு காரணம் எதற்கு? நாளைக்கே ஊருக்கெல்லாம் இதைச் சொல்லப் போவதாகச் சொன்னாள். சொன்னால் சொல்லு என்பதுபோல் பார்த்துவிட்டு, றஹ்மத் உம்மா லுஹர் தொழ உள்ளே போனாள்.

அப்போது படலை தட்டப்பட்டது.

டக்... டக்... டக்...

ஒரு பெண். இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் நீல நிற பிளாஸ்டிக் வாளி. வயிறு முன்தள்ளியிருந்தது. உள்ளே கேட்கட்டும் என்று ஹாஜரா சங்கிலியைச் சத்தமாகவே கழற்றினாள்.

தண்ணீர் அள்ளி அவள் வாளியில் ஊற்றினாள். அந்தப் பெண் வாளியைத் தூக்கிக் குடித்தாள். முழு வாளியும். மறுபடி நிரப்பிக் கொடுத்தாள். அதையும் குடித்தாள்... மூச்சு விடாமல்.

பெயர் கமறியா என்றாள். ஊர் வடக்கே எருக்கலம்பிட்டி. கிளினிக்குக்கு வந்ததில்லையாம். ஹாஜரா அவளை வேப்பமர நிழலில் உட்கார வைத்து நாடி பிடித்தாள்.

கிடைக்கவில்லை.

மற்றக் கையில் பிடித்தாள். அங்கும் இல்லை. சைக்கிள் ஓடி வந்ததில் விரல் மரத்திருக்கும் என்று நினைத்தாள்.

வயிற்றில் கை வைத்தாள். அந்த வெயிலில்... வயிறு ஐஸ் பெட்டி மீன்போலக் குளிர்ந்திருந்தது.

பையிலிருந்து துடிப்புக் கேட்கும் குழலை எடுத்து வைத்துக் கேட்டாள். பிள்ளையின் துடிப்பு தெளிவாகக் கேட்டது. நிமிடத்துக்கு நூற்று நாற்பது. வளர்ச்சி எட்டு மாதம். சந்தேகமே இல்லை.

குழலைத் தாயின் நெஞ்சுக்கு மாற்றினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

இடம் மாற்றி வைத்தாள்.

ஒன்றும்... இல்லை.

பின்னால் வீட்டு யன்னல் படாரென்று சாத்தப்பட்டது. ஹாஜரா திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

மரத்தடியில் யாரும் இல்லை.

மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

எவ்வளவு தட்டியும் றஹ்மத் உம்மா கதவைத் திறக்கவில்லை. ஹாஜரா நேரே முகாமுக்குச் சைக்கிளை விட்டாள். நாடி விழுந்த பெண்ணை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். கமறியா என்று கேட்டதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஹயாத்து முகம்மது என்பவனிடம் கூட்டிப்போனார்கள். கமறியாவின் புருசன். கிடுகு பின்னிக்கொண்டிருந்தவன் எழும்பி நின்றான்.

கமறியா டிசம்பர் நாலாந் தேதி மவுத்து என்றான். ஹாஜரா முகாமில் கர்ப்பிணிகளைப் பதியத் தொடங்கியது ஜனவரியில்தான். வயிற்றோட்டம் கண்டு, உப்புத் தண்ணீர் குடிக்க முடியாமல், கமறியா தானே வாளியை எடுத்துக்கொண்டு, வற்றாத கிணறு உள்ள வெங்காயத் தோட்டத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்த வீட்டுக்காரி முகத்தைப் பார்த்துப் படலையைச் சாத்தினாளாம். திரும்பி வரும் வழியில், நடு வெயிலில், விழுந்தவள் எழும்பவில்லை.

வாளிக்காரியின் கதை ஊரில் கிளம்பியதும் அதே கிழமைதான். றஹ்மத் உம்மா அதை யாரை வைத்துக் கட்டினாள் என்று ஹாஜராவுக்கு அப்போது விளங்கியது.

ஆனாலும் மருத்துவமாது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. கேட்காமல் போயிருக்கலாம்.

"மவுத்தாகக்குள்ள வயித்துப் பிள்ளைக்கு எத்தின மாசம், தம்பி?"

"அஞ்சு, மிஸ்ஸி. அஞ்சு முடிஞ்ச."

ஹாஜரா ஐந்துக்கு மேல் விரல் மடக்கினாள்.

ஜனவரி... பெப்ரவரி... மார்ச்...