உசேனின் மாவுக்கட்டுக்குள் இலவம்பஞ்சு

பாப்பாரப்பட்டியில் மெத்தை தைக்கும் உசேனுக்கு எதையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். பழைய மெத்தை பழுதுக்கு வந்தால், ஓரத்தைப் பிரித்துக் கையை உள்ளே விட்டு, படுப்பவர் எந்தப் பக்கம் புரளுகிறார் என்பதுவரை சொல்லிவிடுவார். பரணிலிருந்து பஞ்சு மூட்டையை இழுக்கும்போது ஏணி சறுக்கி, தரையில் ஊன்றிய வலது கையின் மணிக்கட்டு ஒடிந்தது. அப்போதும் அவர் கேட்டது வலிக்கு மருந்து அல்ல.

"உள்ள எப்பிடி இருக்குதுன்னு எனக்கும் காட்டுங்க" என்றார், தர்மபுரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் கவிப்பிரியாவிடம்.

டாக்டர் காட்டினார். முன்கையின் பெரிய எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, புறங்கைப் பக்கம் சாய்ந்திருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட்டார்கள்.

"மறுபடி ஊசி புடிச்சு மெத்த தைக்க முடியுங்களா?"

"எலும்பு வெச்ச எடத்துல நின்னா முடியும். விரல அசைச்சுக்கிட்டே இருங்க. கட்டு இறுகுனாலும் வரணும், லூசானாலும் வரணும்."

நர்ஸ் தெரசா, உசேனின் மனைவி வஹிதாவிடம் இன்னொன்றும் சொன்னார். நகத்தை அழுத்தி விட்டால் வெளுக்கும். உடனே சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ, விரல் மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே கிளம்பி வந்துவிட வேண்டும்.

கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்ததில் சில நாளில் வீக்கம் வடிந்தது. கை சிறுத்தது, கட்டு சிறுக்குமா? உள்ளே கை ஆடத் தொடங்கியது. உசேனுக்குத் தெரிந்தது மெத்தை. உறைக்குள் ஆட இடமிருந்தால் திணிப்பு போதவில்லை என்று அர்த்தம்.

"ஆஸ்பத்திரியில அரகொறையா திணிச்சு உட்டுட்டாங்க" என்றார்.

"லூசானா வரச் சொன்னாங்க இல்ல? நாளைக்குப் போலாம்" என்றார் வஹிதா.

"இதுக்கு ஒரு பஸ்ஸா? நம்ம தொழில்தானே."

வஹிதா மறுநாள் காலை கடத்தூரிலுள்ள தங்கை வீட்டுக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. அவர் தலை மறைந்ததும் உசேன் சுத்தமான இலவம்பஞ்சாகப் பொறுக்கி, துடைப்பக் குச்சியால் கட்டுக்குள் தள்ளினார். மெத்தையின் மூலையை நிரப்புவதுபோல் நிதானமாக, இடைவெளி பார்த்துப் பார்த்துத் தள்ளினார். கையை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. திருப்தியாக இருந்தது.

மதியம் வஹிதா திரும்பியபோது விரல்கள் தடித்து, கருநீலம் பாய்ந்து கிடந்தன.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே."

"அப்ப கட்டுக்கு எதுக்கு தாடி மொளச்சிருக்குது?"

கட்டின் ஓரத்தில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. வஹிதா பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. ஒரு விரலை மெல்ல நிமிர்த்தினார். உசேன் வலியில் பல்லைக் கடித்தார். ஆட்டோவைப் பிடித்துத் தர்மபுரிக்குப் போனார்கள்.

தெரசா கட்டு அறுக்கும் ரம்பத்தை எடுத்தார். வலியிலும் உசேன் எட்டிப் பார்த்தார்.

"தோல அறுக்காதுங்களா?"

"சுத்தாதுங்க, அதிரும். கெட்டியா இருக்கறதத்தான் அறுக்கும். ஆடாம இருங்க."

கட்டு பிளந்ததும் பஞ்சு மேசையில் கொட்டியது. டாக்டர் ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

"இது எங்க பஞ்சு இல்லையே?"

"மொதல் தரம் இலவம்பஞ்சுங்க."

"டாக்டருக்கு ஒரு தலகாணியும் தச்சுக் குடுங்க" என்றார் வஹிதா.

டாக்டர் சிரிக்கவில்லை. நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பெருவிரல் நுனியில் மட்டும் தொடு உணர்ச்சி வரவில்லை.

"இன்னும் தாமதிச்சிருந்தா சதை செத்திருக்கும். அப்புறம் எலும்பு கூடுனாலும் விரல் மடங்காது."

"இந்தப் பெருவெரலு?"

"நரம்பு நசுங்கியிருக்கு. வரும்னுதான் நெனைக்கிறேன். பாப்போம்."

உசேன் இடது கையால் பெருவிரல் நுனியைக் கிள்ளிப் பார்த்தார். பெருவிரல் உணராமல் ஊசி பிடிக்க முடியாது என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புது எக்ஸ்ரேயில் எலும்பு மறுபடி கொஞ்சம் சாய்ந்திருந்தது. கட்டு தளர்ந்திருந்த நாட்களின் வேலை அது.

"பஞ்சு வெச்சா ஆடாம நிக்கும்னு நெனச்சேங்க."

"மெத்துன்னு இருக்கறது எலும்பப் புடிச்சு நிறுத்தாது. கட்டு கையோட ஒட்டி, மூணு எடத்துல சரியா அழுத்தி நிக்கணும்."

வீக்கம் வடிந்த பிறகு மீண்டும் இழுத்து நேராக்கி, புதுக் கட்டு போட்டார்கள். ஈர மாவு இறுகும்வரை டாக்டர் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்த இடங்களை உசேன் கவனித்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று.

"அப்ப இது திணிப்பு இல்லீங்க. அச்சு."

"அச்சுதான். இதுக்குள்ள ஒண்ணும் போடக் கூடாது."

சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. கை மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. உள்ளங்கை முழுதாகத் திரும்பவில்லை. வெந்நீரும் பயிற்சியும் வஹிதாவின் பொறுப்பு; முனகலுக்கெல்லாம் அவர் காது கொடுக்கவில்லை. கை மெல்லத் திரும்பியது. தையல் முடிச்சை இழுத்து இறுக்க இன்னும் பலம் போதவில்லை.

ஒரு காலையில் கடையில் மெத்தை ஊசியை எடுத்து, அதன் நுனியைப் பெருவிரலில் வைத்து அழுத்தினார் உசேன். சற்றுத் தள்ளி வைத்து மறுபடி அழுத்தினார்.

"வஹிதா, குத்துது."

"குத்துனா தைங்க" என்றார் வஹிதா.