எனக்கென்று ஒரு துவக்கு

அறுநூறு யார்ட் தூரத்தில் என்னுடைய ஏழாவது தோட்டாவும் இலக்குப் பலகைக்கு வெளியே போனபோதுதான் அந்த எண்ணம் வந்தது. லண்டனுக்கு வெளியே சரேயில், மழை விட்ட புல்லில், பாய் விரித்துக் குப்புறக் கிடந்தேன். கையில் இருந்தது எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் துவக்கு. ஆறடி ஆண் ஒருவருக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. பின்கட்டையைத் தோளில் வைத்தால் கன்னம் அதற்குரிய இடத்துக்கு எட்டாது. கன்னத்தை எட்டவைத்தால் தோள் விலகி நிற்கும். பின்னால் நின்ற அண்ணை எல்லாருக்கும் முன்னால் தமிழில் சொன்னார்:

"தங்கச்சி, அங்கால ஆடு மாடு நிண்டா பாவம்."

கிளப்பில் தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் சுவிஸில் கனகாலம் இருந்து, அங்கே சுடப் பழகி, பிறகு சட்டனுக்கு வந்து கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். நான் ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயில் மாறிச் சட்டனுக்குப் போய், அங்கிருந்து அவருடைய வான் வண்டியில் மைதானத்துக்குப் போவேன். அந்த வானுக்காகவே அவருடைய நக்கலைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அன்று பொறுக்கவில்லை. முழங்காலில் ஒட்டிய புல்லைத் தட்டி எழும்பும்போதே முடிவெடுத்துவிட்டேன்: இலையுதிர் காலத்து அணிப் போட்டியில் இந்த மனுசனுக்குப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுவேன். கிளப் துவக்கு பழகுவதற்கு மட்டும். அணியில் சேரச் சொந்தத் துவக்கு வேண்டும்.

அதன்பிறகு வேலைக்குப் போகும் ரயிலில் வேறொன்றும் வாசிக்கவில்லை. இணையத்தில் ஒவ்வொருத்தரும் தான் வாங்கியதையே சரியென்று நிறுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணையும் அப்படித்தான். பெரிய தோட்டா போடும் த்ரீ நாட் எய்ட் ரகம்தான் துவக்கு என்றார். அவருடைய பழையது ஒன்று விற்பனைக்கு இருந்தது என்பதைக் கடைசியில்தான் சொன்னார். அதை ஒருநாள் சுட்டுப் பார்த்தேன். இருபதாவது தோட்டாவுக்கு முன்பே, விசையை அழுத்துமுன் என் கண் தானாக மூடத் தொடங்கிவிட்டது. துவக்கின் உதைக்குப் பயப்படும் உடம்போடு யாரும் போட்டிக்குப் போக ஏலாது.

தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு கிளப்பை விட்டுப்போகும் ஒரு பெண் தன்னுடையதை விற்கக் காட்டினார். டூ டூ த்ரீ ரகம். சின்னத் தோட்டா, மெல்லிய உதை, பின்கட்டையைக் கூட்டலாம், குறைக்கலாம். முதல்முறையாகக் கன்னமும் தோளும் ஒரே நேரத்தில் சரியான இடத்தில் இருந்தன. குறை ஒன்று உண்டு. அறுநூறு யார்டில் காற்று அந்தச் சின்னத் தோட்டாவைக் கூடுதலாகத் தள்ளும். இருக்கட்டும். காற்றைப் படிக்கப் பழகலாம்; கையை நீட்டி வளர்க்க ஏலாது. மாதம் முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று அவர் சொன்னார்.

திரும்பி வரும்போது வானில் அண்ணை தொடங்கினார். "உது நரி சுடுற சாமான். போட்டிக்கு வாறவை உதுகளைக் கொண்டு வாறேல்லை."

"உங்கடையை என்ரை தலையில கட்டத்தானே அண்ணை இந்தக் கதை?"

அண்ணை என்னைச் சட்டனில் இறக்கிவிட்டுப் போனார். அடுத்த கிழமை வானில் இடமில்லை என்று செய்தி அனுப்பினார். மைதானத்தில் அவர் தனியாகத்தான் வந்து இறங்கினார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

துவக்கு வாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும். அதற்குப் பொலிஸ் வீட்டுக்கு வந்து பார்க்கும். அதற்கு முன் சுவரில் இறுக்கிய இரும்பு அலுமாரி இருக்க வேண்டும். என் சின்ன அறையில் நானே சுவரைத் துளைத்து அதைப் பொருத்தினேன். துளைக்கும் சத்தத்துக்குமேல் அம்மாவின் குரல் கேட்டது.

"துவக்குக்குப் பயந்துதான் ரெண்டு நாடு தாண்டி வந்தனாங்கள். நீ அதைக் காசு குடுத்து வீட்டுக்கை கொண்டு வாறாய்."

அதோடு பேச்சு நின்றது. சாப்பாடு மேசையில் 'டக்' என்று வைக்கப்பட்டது. இரவுச் செபத்தில், இந்த வீட்டிலுள்ள கல்நெஞ்சுக்காரருக்காக என்று ஒரு மன்றாட்டைச் சத்தமாகச் சேர்த்துக்கொண்டார். அந்நேரம் அப்பா வேலையில். வீட்டில் இருந்தது நான் மட்டும்தான்.

பொலிஸிலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண். அம்மா என்மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும் வந்தவரை வெறுவயிற்றோடு அனுப்பமாட்டார். தேத்தண்ணீரும் மீன் ரோல்ஸும் வந்தன. அலுமாரியை இழுத்துப் பார்த்து நல்லது என்றார் அதிகாரி. பிறகு கேட்டார், அலுமாரிப் பூட்டின் திறப்பு எங்கே இருக்கும், யாருக்குத் தெரியும் என்று. எனக்கு மட்டும்தான் என்றேன்.

அதிகாரியின் இங்கிலீஷில் அம்மாவுக்கு அந்த ஒரு கேள்வி விளங்கிவிட்டது. எழும்பிப் போய், மாதா சுருவத்துக்குப் பின்னால் தொங்கும் திறப்புக் கோர்வையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வாசல் கதவு, பின்வளவுக் கொட்டில், மாமி வீடு, நகைப்பெட்டி. நடுவில், சிவப்பு நூல் கட்டிய புதுத் திறப்பு. என் அலுமாரியின் இரண்டாவது திறப்பு.

அதிகாரி ஃபைலை மூடினார். துவக்குச் சொந்தக்காரரைத் தவிர வேறொருவர் கைக்குத் திறப்பு எட்டக்கூடாது, சரிசெய்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, பாதி ரோல்ஸை வைத்துவிட்டுப் போனார்.  மாதம் முடிய ஒன்பது நாள்.

"வேணுமெண்டே செய்தனீங்கள்," என்றேன்.

"நான் உன்ரை அறைக்குள்ளை வந்து எடுத்தனானோ? நீதானே கொண்டுவந்து கையில தந்தனி."

உண்மை. அலுமாரி வந்த அன்று, பெட்டியைப் பிரித்தவுடன், யோசிக்காமல் ஒரு திறப்பைக் கழற்றி அம்மாவிடம் நீட்டியிருக்கிறேன். இந்த வீட்டுக்குள் எந்தப் புதுத் திறப்பு வந்தாலும் ஒன்று அம்மாவுக்கு. சைக்கிள் பூட்டு வாங்கினபோதும் அப்படித்தான். எத்தனை பக்கம் சட்டம் வாசித்தேன், என் கை அதில் ஒரு வரியும் வாசிக்கவில்லை.

திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். அம்மா சிவப்பு நூலை அவிழ்த்தார். திறப்பைத் தரவில்லை, மற்றக் கையை நீட்டினார்.

"அப்ப உன்ரை வாசல் திறப்பைத் தா. உனக்கெண்டு தனித் திறப்பெண்டால் எனக்கெண்டும் தனி."

கொடுத்துவிட்டு அலுமாரித் திறப்பை வாங்கினேன். இப்போது வேலை முடிந்து வந்தால் மணியடித்துவிட்டு நிற்கிறேன். அம்மா ஆறுதலாக வந்து திறக்கிறார், முகத்தைப் பார்க்காமல்.

இரண்டு அலுமாரித் திறப்புகளையும் வைக்க இலக்கப்பூட்டுப் பெட்டி ஒன்று வாங்கி, அதையும் சுவரில் இறுக்கிவிட்டேன். எங்கள் வீட்டில் எல்லாருடைய போனுக்கும் வங்கி அட்டைக்கும் ஒரே நாலு இலக்கம்தான். என் விரல் முதலில் அதற்குத்தான் போனது. இழுத்துக்கொண்டேன். வேறொன்று போட்டிருக்கிறேன்.

வியாழன் அதிகாரி திரும்ப வருகிறார். அன்று வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருப்பேன். மணி அடித்தால் அம்மா போகுமுன் கதவை நானே திறக்க வேண்டும். பத்திரம் நேரத்துக்குக் கிடைத்தால் அந்த டூ டூ த்ரீயோடு முதலில் முந்நூறு யார்ட், பத்துத் தோட்டா, காற்றுக் கொடியை மட்டும் பார்த்துச் சுடப்போகிறேன். மைதானத்துக்கு ரயில், பஸ், மிச்சத்துக்கு நடை. அண்ணையின் வான் தேவையில்லை.