சட்டை கேட்டு வந்த அக்கா

ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாவது வருடம் அது. மலாயாவில் லிங்கிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் மகனுக்கு மூன்று மாதம். மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஓர் அக்கா இருந்தார். பிறந்தது ஆணாக. ஆனால் நான் பார்த்த நாள் முதல் சேலையும் கொண்டையும்தான். மாரியம்மன் திருவிழாவில் அவர்தான் கரகம் எடுப்பார். யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் முதலில் அவர் கையில் கொடுத்து வாழ்த்து வாங்குவோம். என் மகனையும் கொடுத்தேன்.

ஒரு நாள் காலையில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வந்தார். சயாம் ரயில் பாதை வேலைக்குப் பத்து ஆண்களை அனுப்ப வேண்டும் என்று உத்தரவாம். முன்பு போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. கணக்கெழுதும் கிராணி காய்ச்சலில் கிடந்ததால், எழுதப் படிக்கத் தெரிந்த என்னைப் பட்டியல் எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஒன்பது பெயர் எழுதினேன்.

“பத்தாவது ஒன் வீட்டுக்காரன்தாம்மா. நான் என்னா செய்ய?” என்றார்.

தோட்டத்துப் பெயர்ப் புத்தகம் பக்கத்திலேயே இருந்தது. அதில் அக்காவின் பழைய ஆண் பெயர் இருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பெயர்மேல் விரலை வைத்தேன்.

மண்டோர் சிரித்தார். “அட, இதுவும் ஆம்பளதான்லா! ஜப்பான்காரனுக்குத் தலை பத்து இருந்தா போதும். எழுது.”

எழுதினேன்.

மறுநாள் லோரி வருவதற்கு முன்னால் அக்கா என் வாசலில் வந்து நின்றார். கொண்டையை வெட்டிவிட்டிருந்தார்கள்.

“தங்கச்சி, சேலையோட ஏறக்கூடாதாம். எங்கிட்ட ஆம்பளச் சட்டை ஏது? ஒன் வீட்டுக்காரர் சட்டை ஒன்னு குடேன். கிழியாததா பாத்துக் குடு, மாப்பிள்ள ஊர்கோலம்லா!” என்று சிரித்தார்.

பட்டியல் யார் கையெழுத்து என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துதான் சிரித்தாரோ என்று சில சமயம் தோன்றுகிறது.

பெட்டியில் இரண்டே சட்டைகள் இருந்தன. துணி கிடைக்காமல் சாக்கை உடுத்திய காலம். நல்லதை எடுத்தேன். பிறகு அதை மடித்து உள்ளே வைத்துவிட்டு, பொத்தான் போய் முன்பக்கம் கிழிந்திருந்ததைக் கொடுத்தேன். அக்கா அதைப் போட்டுக்கொண்டார். நெஞ்சுக்கு நேரே அதை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டே லோரியில் ஏறினார். ஏற முடியாமல் தடுமாறியபோதும் கையை எடுக்கவில்லை. ஆண்கள் சிலர் சிரித்தார்கள்.

சண்டை முடிந்து இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அக்கா வரவில்லை.

அந்தப் பெயரை எழுதாமல் விட்டிருந்தால் என் மகனுக்கு அப்பா இருந்திருக்க மாட்டார் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நல்ல சட்டையைக் கொடுத்திருந்தால் என் வீட்டில் யாரும் செத்திருக்க மாட்டார்கள். அதை ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு மட்டும் என்னிடம் இன்றுவரை ஒரு சாக்குகூட இல்லை.