லொறிப் புகையில் குளிர் காய்தல்

இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கொழுந்து பறித்த எழுபதுகளின் கடைசியில், எங்கள் பெரட்டுக் களத்தில் காலையில் ஒரு வேடிக்கை நடக்கும். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டும் இடம் அது. பக்கத்திலேயே தோட்டத்து லொறி நிற்கும். டிரைவர் அதைக் கிளப்பியதும் பெண்கள் பிள்ளைகளோடு ஓடிப்போய்ப் புகைக்குழாய்க்குப் பின்னால் நின்று குளிர் காய்வார்கள். அந்தக் குளிரில் பேய் வந்து அடுப்பு மூட்டினாலும் கை நீட்டியிருப்போம்.

என் மகளுக்கு அப்போது ஒரு வயது. மூச்சு இழுப்பு. "புள்ளைய குளிர்ல காட்டாத" என்று சொல்லி மருந்து கொடுத்தார் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா. அதனால் எல்லோருக்கும் முந்தி நான்தான் குழாயருகில் இடம் பிடிப்பேன். சில நாள் அவள் நன்றாக இருந்தாள். சில நாள், நாங்கள் மலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் கொண்டுபோய் விடும் முன்பே நெஞ்சு விசில் அடித்தது. எல்லா நாளும் அதே குளிர், அதே கம்பளி. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோயிலுக்கு நேர்ந்தும் பார்த்தேன்.

பிறகு ஒன்று கண்ணில் பட்டது. டிரைவர் ரேடியேட்டரில் சுடுதண்ணீர் ஊற்றிய காலையில் லொறி சட்டென்று கிளம்பும். புகை லேசாக இருக்கும். விறகு ஈரமென்று பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இருமி இருமித்தான் கிளம்பும். கரும்புகை பனியோடு சேர்ந்து கலையாமல் நிற்கும். இழுப்பு வந்தது அந்தக் காலைகளில்தான்.

டிரைவரிடமே போய்க் கேட்டேன். "அண்ணே, தெனம் சுடுதண்ணி ஊத்துங்களேன்."

"வெறகு நீ தர்றியா? இஞ்சின் சூடேறுனா பொக தானா போயிரும். அப்புறமா வந்து காயேன்."

அப்புறம் என்றால் எப்போது? சூடேறியதும் அவர் லொறியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குளிர் ஆகாது என்கிறார் படித்தவர். புகை ஆகாது என்கிறது பிள்ளையின் நெஞ்சு. நான் யார் பேச்சைக் கேட்பது?

மறுநாளும் பச்சைத் தண்ணீர்தான். லொறி இருமத் தொடங்கியதும் நான் எதிர்ப்பக்கத்து மேட்டில் போய் நின்றேன். பனி ஊசியாகக் குத்தியது. மகளைச் சேலைக்குள் பொத்திக்கொண்டேன். புகைக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தைக்காரி கத்தினாள்: "ஏன்டி, புள்ளைய குளிர்ல வச்சுக் கொல்லப் போறியா? இங்கிட்டு வா!"

தப்புச் செய்கிறேனோ என்று பயமாகத்தான் இருந்தது. மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். விசில் இல்லை.

"நீ வாடி இங்க!" என்று அவளைக் கூப்பிட்டேன்.

அவள் தன் பிள்ளையைக் குழாய்க்கு இன்னும் கிட்டப் பிடித்தாள்.