ஸ்டெல்லாவின் மூடிய கையும் ஓர் அச்சுக்கட்டையும்

அச்சுத் தொழில் என்றால் உங்களுக்கு மை நாற்றமும் இயந்திரச் சத்தமும் நினைவுக்கு வரும். எங்கள் அச்சுத் தொழிலில் மஞ்சள் வாசனையும் அரிசிக் கஞ்சியும்தான். எண்பதுகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஓர் இல்லத்தில் துணியில் அச்சுப் போடக் கற்றுக்கொடுத்தேன். அங்கே சிலருக்குப் பார்வை இல்லை, சிலருக்குப் பேச்சு இல்லை, கைகால் வசம் இல்லை. பலருக்கு எதுவுமே இல்லை. இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

சாயமும் சாம்பாரும்

எங்கள் ஆட்கள் எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அதனால் பழகுவதற்குக் கடைச் சாயம் வேண்டாமென்று கஞ்சியில் மஞ்சளைக் கலந்தேன். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டித் தோய்த்து வைத்தால் துணியில் பூ விழும். பூ விழுவதற்குள் பாதி வெண்டைக்காய் வயிற்றுக்குள் போய்விட்டது. சமையல்கார ரோசம்மா வந்து நின்றார்.

"டீச்சர், நீங்க காய வெச்சி வெளயாடிகினு கீறீங்க, நான் சாம்பார்ல இன்னாத்த போடறது?"

கோணல் பூ

அந்தோணிக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். கை தன் இஷ்டத்துக்கு ஆடும். பேச்சு மட்டும் சுத்தம். கோயில் திருவிழாவில் விற்க வைத்திருந்த, அவன் அச்சுப் போட்ட மேசைவிரிப்பைப் புரட்டிப் பார்த்த ஒருவர், பூவெல்லாம் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நீங்க கழுத்த நேரா வெச்சிகினு பாக்கறீங்க சார், அதான்."

பென்னலூர் அம்மா

ஸ்டெல்லாவுக்குப் பார்வையும் பேச்சும் கிடையாது. வலது கை எப்போதும் இறுக மூடியே இருக்கும். விரலைப் பிரிக்கப் போனால் அலறுவாள். பென்னலூரிலிருந்து பார்க்க வரும் அவள் அம்மாவுக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்குப் போனால் அவளுக்கு ஓர் இருட்டறையும் பாயும்தான்.

"இங்கயும் சும்மாதான் குந்திகினு கீறா. அடுத்த ஞாயித்துக்கெயம வூட்டுக்கு இட்டுகினு போறேன்."

ஞாயிற்றுக்கிழமை

பூச் செதுக்கிய மரக்கட்டையைச் சாயத்தில் தோய்த்துத் துணியில் வைத்ததும் அதன் தலையில் ஓங்கிக் குத்த வேண்டும். அப்போதுதான் சாயம் இறங்கும். விரித்த கையால் அது நடக்காது, முஷ்டிதான் வேண்டும். அந்த வாரத்தில் என் கை வலித்த ஒரு நாள்தான் இது உறைத்தது. கட்டையை நான் பிடித்துக்கொண்டு, ஸ்டெல்லாவின் மூடிய கையை அதன்மேல் வைத்தேன். தூக்கி ஒரு குத்து விட்டாள். மேசை அதிர்ந்தது. அந்த அதிர்வு உடம்பில் ஏற, வாய்விட்டுச் சிரித்தாள். அன்று முதல் கட்டையைத் தேடித் தேடிக் குத்தினாள்.

அம்மா பையோடு வந்தபோதும் குத்திக்கொண்டிருந்தாள். அம்மா வெகுநேரம் நின்று பார்த்தார். பையைக் கீழே வைத்தார். அழுதார்.

"இந்தக் கைய தொறந்து வுடுன்னு மாதாவுக்கு மெழுவத்தி ஏத்திகினே இருந்தேன் டீச்சர். இனிமே இன்னாத்த கேக்கறது?"

ஸ்டெல்லா எங்களோடே தங்கிவிட்டாள், அவள் குத்துக்கு ஈடுகொடுக்கும் மேசையைத்தான் எந்த ஆசாரியாலும் செய்துதர முடியவில்லை.